ஒரு தொட்டி மண்

"ஆம்பள ஆமையே கெடையாது, ஒத்தையாத்தான் வளக்குறோம். அப்பறம் எப்டி முட்ட போட்ச்சு?"

பெரம்பூர், ஓட்டேரி, கொளத்தூர்ப் பக்கம் ஆமை வளர்க்கும் வீடுகளில் என்றாவது ஒரு நாள் இந்தக் கேள்வி எழும். கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் காசளவுக்குப் பச்சைப்பசேலென்று நீந்திக்கொண்டிருந்த குஞ்சைப் பிள்ளைகளின் பிடிவாதத்துக்காக வாங்கி வந்திருப்பார்கள். கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கீற்று இருக்கும். ராஜா என்றோ டைகர் என்றோ பெயரும் வைத்தாகிவிடும். ஆறேழு வருடத்தில் அது ஒரு சாண் நீளத்துக்கு வளர்ந்து நிற்கும். பிறகு ஒரு காலையில் தொட்டியின் அடியில் வெள்ளையாக, நீளவாட்டில், கட்டைவிரல் பருமனில் ஏதோ கிடக்கும். ராஜா பெண் என்பது வீட்டாருக்கு அன்றைக்குத்தான் தெரியவரும்.

கேள்விக்குப் பதில் எளிது. நாமக்கல்லிலிருந்து லாரி லாரியாக வரும் முட்டைகளுக்கும் சேவல் தகப்பன் கிடையாது. முட்டையை உருவாக்குவது பெண்ணின் உடல். வெயில், மழை, பகல் நீளம், உணவு இவற்றைப் பார்த்து ஹார்மோன்கள் வேலையைத் தொடங்கிவிடும். ஆண் சேர்ந்தால் முட்டையில் கரு இருக்கும், சேராவிட்டால் இருக்காது. பருவத்துக்கு வந்த பெண் ஆமை இரண்டு வகையிலும் முட்டையிடும்.

இதில் ஒரு திருப்பம் உண்டு. ஆண் இல்லாமலே கருவுள்ள முட்டையும் வரலாம். பெண் ஆமையின் முட்டைக்குழாய்ச் சுவரில் நுண்ணிய குழல்கள் இருக்கின்றன. ஆணின் விந்தணுக்கள் அவற்றில் தங்கி உயிரோடிருக்கும். அமெரிக்காவின் பெட்டி ஆமைகளைத் தனியே பிரித்து வைத்துப் பார்த்தபோது, நான்கு ஆண்டு கழித்தும் பொரியக்கூடிய முட்டையிட்டது பதிவாகியிருக்கிறது. ஆகவே வளர்ந்த ஆமையை வேறொருவரிடமிருந்து வாங்கியவர்கள், முட்டையில் குஞ்சு இருக்கவே இருக்காது என்று அடித்துச் சொல்ல முடியாது. காசளவுக் குஞ்சாக வாங்கித் தனியே வளர்த்தவர்கள் சொல்லலாம்.

சின்ன வயதில் ஆணா பெண்ணா என்று கடைக்காரருக்கும் தெரியாது. சிவப்புக் காது ஆமையில் வளர்ந்த ஆணுக்கு முன்னங்கால் நகங்கள் நீளமாக இருக்கும், வாலும் தடித்து நீண்டிருக்கும். பெண்தான் உருவத்தில் பெரிது. நட்சத்திர ஆமையிலும் பெண்ணே பெரிது. ஆணின் அடி ஓடு உட்குழிந்திருக்கும், பெண்ணுடையது தட்டையாக இருக்கும். "ஜோடி" என்று சொல்லிக் காசளவுக் குஞ்சுகள் இரண்டை விற்பவரிடம் சிரித்துவிட்டு வரலாம்.

சரி, ஆண் பற்றிய கவலை இத்தோடு போதும். வீட்டு ஆமைக்கு முட்டைப் பருவத்தில் உண்மையாகவே இல்லாமல் போவது வேறொன்று. அது மண்.

உலகில் சுமார் 350 வகை ஆமைகள் உண்டு. கடலில் வாழ்வது, ஏரியில் வாழ்வது, பாலைவனத்தில் வாழ்வது என்று எதுவானாலும் குட்டி போடுவது ஒன்றும் இல்லை. பாம்பிலும் பல்லியிலும் குட்டி போடும் இனங்கள் ஏராளம் இருக்க, ஆமையில் ஒன்றுகூட ஏன் அந்த வழிக்குப் போகவில்லை என்பது நீண்ட நாள் புதிர். ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஒரு நல்ல விடை தருகிறது. தாயின் முட்டைக்குழாய்க்குள் ஆக்சிஜன் மிகக் குறைவு. கருவுற்ற முட்டை கொஞ்ச தூரம் வளர்ந்து, அங்கேயே அப்படியே நின்றுவிடும். வெளியே வந்து காற்றுப் பட்ட பிறகுதான் மறுபடி வளரத் தொடங்கும். இட்ட முட்டைகளை ஆக்சிஜன் குறைந்த பெட்டிகளில் வைத்துப் பார்த்தார்கள். கரு உறக்கத்திலேயே கிடந்தது. எடுத்துக் காற்றில் வைத்ததும் வளர்ந்தது.

இந்த ஏற்பாட்டின் பயன் தாய்க்குத்தான். முட்டை உள்ளே தயாராக இருக்க, அவள் சில நாள், தேவையானால் சில வாரம் கூடத் தள்ளிப்போட்டு இடம் தேடலாம். மழை வரட்டும் என்று காத்திருக்கலாம். நாய் நரி நடமாட்டம் கண்டால் குழியைப் பாதியில் விட்டுவிட்டு மறுநாள் வேறிடம் பார்க்கலாம். ஆமை அவசரப்படுவதில்லை என்று நாம் சொல்லும் கிண்டல் அதன் கருவுக்கும் பொருந்தும்.

கரையில் முட்டையிடுவதற்கு விதிவிலக்கு ஒன்று உண்டு. வட ஆஸ்திரேலியாவில் பாம்புக்கழுத்து ஆமை ஒன்று தண்ணீருக்கடியில் சேற்றில் முட்டையிடுகிறது. அங்கும் காரியம் காற்றினால்தான் நடக்கிறது. தண்ணீர் வற்றும் வரை கரு உறங்கும். சேறு காய்ந்து காற்றுப் புகுந்த பிறகே வளரும். மற்ற ஆமை முட்டையெல்லாம் தண்ணீரில் விழுந்தால் மூச்சுமுட்டிச் செத்துப்போகும். தொட்டிக்குள் கிடக்கும் ராஜாவின் முட்டையும் அப்படித்தான், கரு இருந்தாலும் பிழைக்காது. இடம் கிடைக்காமல், வேறு வழியில்லாமல் அவள் தண்ணீரில் விட்டது அது.

இடம் கிடைத்த தாய் என்ன செய்வாள் என்று பார்க்க வேண்டும். மூக்கைத் தரையில் வைத்து முகர்ந்துகொண்டே நடப்பாள். ஒரு இடம் பிடித்துப்போனால் முன்னங்கால்களை ஊன்றி நின்றுகொண்டு பின்னங்கால்களால் தோண்டத் தொடங்குவாள். இடது கால் ஒரு முறை, வலது கால் ஒரு முறை. மண் இறுகியிருந்தால் தன் சிறுநீர்ப்பையில் சேர்த்து வைத்த நீரை விட்டு நனைத்துக்கொள்வாள். வறண்ட புதர்க்காட்டில் வாழும் நட்சத்திர ஆமைக்கு இது பெரிய செலவு. அங்கே அந்த நீர்தான் அவளுடைய சேமிப்பு. வாய் குறுகி உள்ளே அகன்ற குழி, பின்னங்கால் எட்டும் ஆழத்துக்கு. முட்டை ஒவ்வொன்றாக இறங்கும்போது காலால் தாங்கிப் பக்குவமாக உள்ளே வைப்பாள். பிறகு மண்ணைத் தள்ளி மூடி, அடி ஓட்டால் அழுத்திச் சமப்படுத்திவிட்டுப் போய்விடுவாள். இத்தனையும் பின்பக்கமாகவே நடக்கும். தான் இட்ட முட்டையை அவள் ஒரு முறைகூடப் பார்ப்பதில்லை.

மீன் பார்த்தே பொரிக்கும், பறவை தொட்டுப் பொரிக்கும், ஆமை நினைத்தே பொரிக்கும் என்று நம் சமய மரபில் குருவின் அருளுக்கு உவமை சொல்வார்கள். கரையில் புதைத்த முட்டையைக் கடலுக்குள்ளிருந்து தாய் ஆமை நினைத்துக்கொண்டே இருப்பதால் குஞ்சு வருகிறதாம். அகநானூற்றின் 160-ஆம் பாடல் வேறொன்று சொல்கிறது. சூல் கொண்ட ஆமை மணலில் மறைத்துப் புதைத்த முட்டையை, குஞ்சு வெளிவரும் வரை ஆண் ஆமை காவல் காக்கிறது என்கிறது. மணலில் ஒளித்துப் புதைப்பதையும், முட்டை வட்டுக்காய் போல உருண்டிருப்பதையும், அதன் புலால் நாற்றத்தையும் கண்ணாலும் மூக்காலும் கண்டவர்தான் அப்படிப் பாட முடியும். காவல் காக்கும் தகப்பன் மட்டும் கவிமனத்தின் விருப்பம். ஆண் கடலாமை கரையேறுவதே அரிது. முட்டைக்காக அது வருவதில்லை. ஆமை இனத்தில் முட்டைக்குக் காவலிருக்கும் தாய் என்று பார்த்தால், நம் வடகிழக்கு மாநிலக் காடுகளிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் வாழும் ஆசியப் பெரும் ஆமையைச் சொல்லலாம். அது உதிர்ந்த இலைகளைக் குவித்து மேடு கட்டி, முட்டையிட்டுச் சில நாள் அருகிலேயே கிடந்து, நெருங்கும் விலங்குகளை விரட்டும்.

மற்றவற்றுக்கு அடைகாக்கும் வேலையைச் செய்வது நிலத்தின் சூடு. தாயின் நினைப்பு முழுவதும் முட்டையிடுவதற்கு முன்பே செலவாகிவிடுகிறது. எந்த மண், எவ்வளவு ஈரம், எவ்வளவு வெயில் என்று அவள் தேர்ந்தெடுப்பதோடு தாய்மை முடிந்தது. அந்தத் தேர்வு எவ்வளவு பெரியது என்பது 1966-க்குப் பிறகுதான் அறிவியலுக்குப் புரிந்தது. அந்த ஆண்டு செனகலில் மதலேன் ஷார்னியே என்ற பிரெஞ்சு ஆய்வாளர், ஒரு வகை ஓணானில் குஞ்சு ஆணா பெண்ணா என்பதை முட்டை கிடக்கும் வெப்பமே முடிவு செய்வதைக் கண்டு எழுதினார். சில ஆண்டுகளில் ஆமைகளிலும் அதுவே என்று தெரிந்தது. சிவப்புக் காது ஆமையின் முட்டையை 26 பாகை செல்சியஸில் வைத்தால் எல்லாம் ஆண். 32-இல் வைத்தால் எல்லாம் பெண். 29-ஐ ஒட்டி இரண்டும் கலந்து வரும். இந்தச் சூட்டைக் கரு எப்படி உணர்ந்து மரபணுவுக்குச் சொல்கிறது என்ற கேள்விக்கு 2018-இல் ஒரு முக்கியமான துப்புக் கிடைத்தது. கேடிஎம்6பி என்ற மரபணு குளிர்ந்த முட்டையில் விழித்துக்கொண்டு விரை உருவாவதைத் தூண்டுகிறது. அந்தச் சோதனை நடந்தது இதே சிவப்புக் காது ஆமையில்தான். நம் வீட்டுத் தொட்டியில் கிடப்பது உலகின் ஆய்வுக்கூடங்களுக்கு மிகப் பழக்கமான விலங்கு.

வெப்பம் ஏறினால் என்னவாகும் என்பதற்கும் சான்று இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் வடக்குப் பவளத் திட்டுப் பகுதியிலிருந்து வரும் இளம் பச்சைக் கடலாமைகளில் 99 விழுக்காட்டுக்கும் மேல் பெண்கள் என்று 2018-இல் வெளியான ஆய்வு கண்டது. தாய் தேர்ந்தெடுத்த மணல் பழைய மணல்தான். அதன் சூடு மாறிவிட்டது.

மறுபடி பெரம்பூருக்கு வருவோம். இங்கே நிலைமை வேறு. ரயில்வே குவார்ட்டர்ஸ் வீடுகளில் ஒரு காலத்தில் பின்பக்கம் முருங்கையும் வாழையும் நின்ற இடம் இருந்தது. இன்று ஆமை வளர்வது பெரும்பாலும் இரண்டாம் மாடியிலோ மூன்றாம் மாடியிலோ, கம்பி வலை அடித்த பால்கனியில், வழுவழுப்பான டைல்ஸ் தரையில். முட்டை தயாரான பெண் ஆமை அங்கே என்ன செய்யும்? சாப்பாட்டைக் குறைக்கும். தொட்டியை விட்டு ஏறி வெளியே விழும். மூலைக்கு மூலை நடக்கும். பின்னங்கால்களால் டைல்ஸைப் பிராண்டும். "என்னமோ பைத்தியம் புடிச்சாப்ல சுத்துது" என்பார்கள் வீட்டில். அது குழி தோண்டுகிறது, தரைதான் விட்டுக்கொடுக்கவில்லை.

உடலுக்கு உள்ளே நடப்பதையும் சொல்ல வேண்டும். மஞ்சள் கருவுக்கான சத்தைக் கல்லீரல் பல மாதங்களாகத் தயாரித்துச் சூலகத்துக்கு அனுப்பியிருக்கிறது. அது முட்டைக்குழாயில் இறங்கியதும் வெள்ளைக் கரு சேர்கிறது, சவ்வு சேர்கிறது, கடைசியில் சுண்ணாம்பு ஓடு சேர்கிறது. கோழி முட்டை ஓடும் ஆமை முட்டை ஓடும் ஒரே கால்சியம் கார்பனேட் என்றாலும் படிகம் வேறு. கோழியுடையது கால்சைட், ஆமையுடையது அரகோனைட், அதாவது கடற்சிப்பியின் உள்பக்கம் மினுங்குகிறதே அதே பொருள். நட்சத்திர ஆமையின் முட்டை ஓடு கெட்டியாக, தட்டினால் நொறுங்குவதாக இருக்கும். சிவப்புக் காது ஆமையுடையது தோல் போல வளையும்.

இந்தச் சுண்ணாம்பு முழுவதும் தாயின் உணவிலிருந்தும் எலும்பிலிருந்தும் வர வேண்டும். உணவில் கால்சியம் இருந்தாலும் குடல் அதை உறிஞ்ச வைட்டமின் டி வேண்டும். அது வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டு உடலிலேயே உருவாவது. ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயிலில் வெளிச்சம் வரும், சூடு வரும், அந்தக் கதிர் வராது. வெயில் காணாமல் கடையில் விற்கும் உருண்டைத் தீனியை மட்டுமே தின்று வளர்ந்த ஆமைக்கு ஓடு மெலிந்து போகும். அதைவிட மோசம், முட்டையை வெளியே தள்ளும் தசை சுருங்கி விரியவும் கால்சியம்தான் வேண்டும். அது குறைந்தால் தசை சோர்ந்துவிடும். மண்ணும் இல்லை, தெம்பும் இல்லை என்றாகும்போது முட்டை உள்ளேயே தங்கிவிடுகிறது. கால்நடை மருத்துவர்கள் இதை முட்டை அடைப்பு என்பார்கள். வீட்டு ஆமைகளின் சாவுக்குக் கவனிக்கப்படாத காரணங்களில் இது ஒன்று. "நல்லாத்தான் இருந்துச்சு, ஒரு வாரமா சாப்டல, போய்டுச்சு" என்று சொல்லப்படும் கதைகளில் எத்தனை கதைக்குள் முட்டை இருந்ததோ!

கவனிக்க வேண்டிய அடையாளங்கள்: தின்னாமல் இருப்பது, முக்குவது, பின்னங்கால்கள் தளர்ந்து இழுபடுவது, ஒன்றிரண்டு முட்டை இட்டுவிட்டு மீதியை இடாமல் சோர்ந்து கிடப்பது, பின்துளையில் சதை வெளித்தள்ளுவது. எக்ஸ்-ரே எடுத்தால் ஓடு கட்டிய முட்டைகள் வெள்ளை வட்டங்களாகத் தெளிவாகத் தெரியும். ஓடு கட்டாத நிலையில் நின்றுபோயிருந்தால் ஸ்கேன் வேண்டும். படம் பார்த்து முட்டை உடைந்தோ, பெரிதாகிக் கோணலாகியோ இல்லை என்று உறுதியான பிறகு கால்சியமும் ஆக்சிடோசின் ஊசியும் போடுவார்கள். மற்ற ஊர்வனவற்றைவிட ஆமைக்கு இந்த ஊசி நன்றாகவே கேட்கும். கேட்காவிட்டால் பின்னங்காலுக்கு முன்னாலுள்ள மென்சதைப் பள்ளம் வழியாகவோ, அடி ஓட்டையே அறுத்துத் திறந்தோ எடுப்பார்கள். வயிற்றை அமுக்குவது, எண்ணெய் விடுவது, விரலை விட்டு இழுப்பது எல்லாம் முட்டையை உள்ளேயே உடைத்துச் சீழ் பிடிக்க வைக்கும் வேலைகள். பெரம்பூர்க்காரர்களுக்கு ஒரு வசதி, 1903-இல் தொடங்கிய சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி பக்கத்திலேயே வேப்பேரியில் இருக்கிறது.

ஆனால் பெரும்பாலான ஆமைகளை மருத்துவரிடம் போகாமலே காப்பாற்றலாம். ஆமையின் ஓட்டைப் போல நான்கைந்து மடங்கு நீளமுள்ள பிளாஸ்டிக் டப் ஒன்று வேண்டும். தோட்ட மண்ணும் ஆற்று மணலும் கலந்து ஒரு அடி ஆழத்துக்கு நிரப்ப வேண்டும். கையில் பிடித்தால் உருண்டை பிடிக்கிற அளவு ஈரம். நீராமை என்றால் தொட்டியிலிருந்து ஏறி வர ஒரு பலகை. டப்பின் ஒரு பாதிக்கு நேரடி வெயில், மறு பாதிக்கு நிழல். மே மாதத்து மொட்டை மாடியில் நிழல் இல்லாமல் விட்டால் முட்டைக்கு முன்னால் தாயே வெந்துவிடும். கால்சியத்துக்குக் கணவாய் ஓடு போதும். காசிமேட்டுக் கடற்கரையில் சாதாரணமாகக் கிடைப்பது, பறவைத் தீனிக் கடைகளிலும் விற்பார்கள். அவள் தோண்டும்போது கூட்டமாக நின்று பார்க்கக் கூடாது. யாரோ பார்க்கிறார்கள் என்று பட்டால் குழியை விட்டுவிட்டு முட்டையை மீண்டும் உள்ளேயே அடக்கிக்கொள்வாள்.

முட்டை வந்துவிட்டது, இனி என்ன? கோழி முட்டையை நாளுக்குப் பல முறை புரட்டும்; புரட்டாவிட்டால் குஞ்சு ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும். ஆமை முட்டை நேர் எதிர். மஞ்சள் கருவை நடுவில் தாங்கிப் பிடிக்கும் முறுக்குக் கயிறுகள் அதில் இல்லை. இட்ட சில மணி நேரத்தில் கரு மேலே மிதந்து சவ்வோடு ஒட்டிக்கொள்ளும். அதன் பிறகு தலைகீழாக்கினால் மஞ்சள் கருவின் பாரம் கருவை நசுக்கும், ஒட்டு அறுந்து சாகும். சென்னைக் கடற்கரையில் 1988 முதல் இரவுகளில் நடந்து பங்குனி ஆமை முட்டைகளைத் திரட்டும் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பினர், எடுத்த முட்டைகளை அன்றிரவே பொரிப்பகத்தில் புதைத்துவிடுவதற்கும் இதுதான் காரணம். கருவுள்ள முட்டை என்றால் சில நாளில் மேற்பக்கம் சுண்ணாம்பு பூசியது போல வெள்ளைப் பொட்டு ஒன்று தோன்றிப் பரவும். பொட்டு தோன்றாத முட்டை வெறும் முட்டை.

பொரிக்க எத்தனை நாள் என்பதில் ஆமைகளுக்குள் ஒற்றுமை கிடையாது. பங்குனி ஆமைக்கு 45 முதல் 60 நாள். சிவப்புக் காது ஆமைக்கு இரண்டு, இரண்டரை மாதம். நம் ஊர் நட்சத்திர ஆமைக்கோ ஒன்றரை மாதத்திலிருந்து எட்டு மாதம் வரை எதுவும் ஆகலாம். அதன் கரு வறட்சியில் உறங்கி, மழையில் விழித்து, மண் இளகிய நாளில் வெளியே வரப் பழகியது. நம் ஏரிகளிலும் கோயில் குளங்களிலும் இருக்கும் பாலாமையின் முட்டையும் இப்படி மாதக்கணக்கில் காத்துக் கிடக்கும்.

ஆனாலும் சிவப்புக் காது ஆமையின் முட்டையைப் பொரிக்க வைக்கலாமா என்று கேட்டால், வேண்டாம் என்பதே என் பதில். அது மிசிசிப்பி ஆற்றுப் படுகையின் விலங்கு. 1989 முதல் 1997 வரை மட்டும் அமெரிக்காவிலிருந்து 5 கோடிக்கும் மேல் ஏற்றுமதியானது. போன ஊரிலெல்லாம் வளர்த்தவர்கள் அலுத்துப்போய்க் குளத்தில் விட்டார்கள். இன்று உலகின் மிக மோசமான 100 ஊடுருவல் உயிரினங்களின் பட்டியலில் அதுவும் ஒன்று. ஐரோப்பிய ஒன்றியம் 1997-இல் இறக்குமதியை நிறுத்தியது. ஜப்பான் 2023 ஜூனில் விற்பனையையும் நீர்நிலைகளில் விடுவதையும் தடை செய்தது. கேரளத்தில் நீர்நிலைகளில் இதைக் கண்ட வன ஆராய்ச்சி நிறுவனம், வளர்ப்பவர்கள் தங்களிடம் ஒப்படைக்கலாம் என்று கேட்டுக்கொண்டது. ஒரு பெண் ஒரு வருடத்தில் பல முறை முட்டையிடும், ஒவ்வொரு முறையும் பத்துக்குக் குறையாமல் இடுவது சாதாரணம். அந்தக் குஞ்சுகளை எந்தத் தொட்டியில் வைப்பீர்கள்? கடைசியில் பக்கத்து ஏரியான ரெட்டேரிதான். அங்கே ஏற்கெனவே பிழைக்கப் போராடும் பாலாமைக்கும் குளத்தாமைக்கும் இன்னொரு போட்டி. முட்டையை அன்றைக்கே ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். கரு வளரத் தொடங்குவதற்கு முன் செய்தால் அதில் கொடுமை ஏதும் இல்லை. கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள். ஆமையின் உடம்பில் சால்மோனெல்லா இருப்பது சகஜம். அதற்காகவே அமெரிக்கா 1975-இல் நான்கு அங்குலத்துக்குக் குறைந்த ஆமைக் குஞ்சுகளின் விற்பனையைத் தடுத்தது.

முட்டையிட்டது நட்சத்திர ஆமை என்றால் விஷயம் வேறு. ஆமை புகுந்த வீடு உருப்படாது என்று பழமொழி வைத்திருக்கும் ஊரில், அதே ஆமையை அதிர்ஷ்டத்துக்காக ஒளித்து வளர்க்கவும் செய்கிறார்கள். தமிழ்நாடு, ஆந்திரம், கர்நாடகத்தின் வறண்ட புதர்க்காடுகளும், குஜராத் பக்கமும், இலங்கையும் அதன் வீடு. ஒரே ஒரு கடத்தல் மையத்தின் வழியாக மட்டும் ஒரு வருடத்தில் 55,000 நட்சத்திர ஆமைகள் பிடிக்கப்படுவதாக 2015-இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. 2019-இல், அரிய உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்பாட்டின் முதல் பட்டியலுக்கு அது ஏற்றப்பட்டது. 2022-இல் திருத்தப்பட்ட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திலும் முதல் அட்டவணையில் இருக்கிறது. வைத்திருந்தால் மூன்று முதல் ஏழு ஆண்டு சிறை. பாலாமைக்கும் சட்டக் காவல் உண்டு. நட்சத்திர ஆமை ஒரு முறை இடுவது இரண்டு முதல் ஆறு முட்டை வரைதான். அந்தக் கணக்கில் பிறப்பது 55,000 என்ற கணக்கில் போவதை ஈடுகட்டாது. அதைக் காட்டில் கொண்டுபோய் நாமே விடுவதும் தவறு. எந்தப் பகுதி ஆமையோ, என்ன நோயோ தெரியாது. வனத்துறையிடம் ஒப்படைப்பதுதான் ஒரே வழி. இவை தவிர, சைட்டிஸ் பட்டியலிலுள்ள அயல்நாட்டு ஆமைகளை வைத்திருப்போர் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும் என்று 2024 பிப்ரவரியில் விதி வந்திருக்கிறது. குஞ்சு பொரித்தால் அதையும் தெரிவிக்க வேண்டும்.

மண்ணில்லாத தாய் பெரம்பூர் பால்கனியில் மட்டும் இல்லை, கடற்கரையிலும் இருக்கிறாள். 1870-களில் சென்னைத் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் சுவர் கட்டத் தொடங்கினார்கள். இந்தக் கரையில் அலை மணலை ஆண்டு முழுவதும் சேர்த்துப் பார்த்தால் தெற்கிலிருந்து வடக்கே கொண்டுபோகிறது. சுவர் அதைத் தடுத்தது. தெற்கே மெரினா அகன்றது; வடக்கே ராயபுரமும் திருவொற்றியூரும் மணலை இழந்து அரிக்கப்பட்டன. அரிப்பைத் தடுக்க எண்ணூர் சாலை நெடுகக் கருங்கல் கொட்டினார்கள். தை முதல் பங்குனி வரை அந்தக் கரையோரம் வரும் கடலாமைக்குப் பல இடங்களில் கல்தான் எதிரே நிற்கிறது. அவளும் திரும்பிப் போய் வேறிடம் தேட வேண்டும், இழுவைப் படகுகளின் வலைகளுக்கு நடுவே. 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கிய பங்குனி ஆமைகள் முட்டைப் பருவத்தில் கரை நாடி வந்தவை.

கடற்கரைக்கு மணல் கொடுப்பது அரசாங்கத்தின் வேலை, பொறியாளர்களின் வேலை. வீட்டு ஆமைக்கு மண் கொடுப்பது உங்கள் வேலை. ஒரு சாண் அளவுக்கு வளர்ந்த பெண் ஆமை வீட்டில் இருந்தால் அவள் தரையைப் பிராண்டத் தொடங்கும் வரை காத்திருக்காதீர்கள். இந்த வாரமே டப்பில் மண்ணை நிரப்பி வையுங்கள். மண் வைத்தும் பல நாள் இடாமல், தின்னாமல் கிடந்தால் வேப்பேரிக்கு எடுத்துப் போங்கள். புதிதாக ஆமை வாங்க நினைப்பவர்கள், இருபது முப்பது வருடத்துக்கு அதை வைத்துக் காப்பாற்ற இடமும் வெயிலும் இருக்கிறதா என்று வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, அதன் பிறகு கடைக்குப் போங்கள்.